கோலாலம்பூருக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு: பெட்டி கட்டுவது முதல் டெபாசிட் திரும்ப வாங்குவது வரை

கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து வெளியே வந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்தால் மல்லிகைச் சரம், வாழையிலைச் சாப்பாடு, கடை வாசலில் அலறும் சினிமாப் பாட்டு என்று எல்லாம் வரிசையாக வரும். கடைக்காரர் தமிழிலேயே விலை சொல்வார். ‘அட, நம்ம ஊர்தான்' என்று நினைக்கத் தோன்றும். சிக்கல் தொடங்குவதே அங்கேதான். ஜெர்மனிக்கோ கனடாவுக்கோ போகிறவர் பல மாதம் முன்பே தாள்களை அடுக்க ஆரம்பித்துவிடுகிறார், கோலாலம்பூருக்கு வருகிறவர் திருச்சி விமான நிலையத்தில் நின்றுகொண்டு ‘அங்க போய் பாத்துக்கலாம்' என்கிறார். தெரு எவ்வளவு பழகியதாக இருந்தாலும் பாஸ் (இங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி), வாடகை ஒப்பந்தம், வரி இந்த மூன்றிலும் நீங்கள் முழுக்க வெளிநாட்டவர். அதை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் மற்றதெல்லாம் இந்த ஊரில் சுலபம்.

இது எம்ப்ளாய்மென்ட் பாஸில் வருகிறவர்களுக்காக எழுதியது, தனியாக வந்தாலும் குடும்பத்தோடு வந்தாலும். மாணவர்களுக்கும், உணவகம், தொழிற்சாலை, தோட்ட வேலைக்கான பெர்மிட்டில் வருகிறவர்களுக்கும் விதிகள் வேறு.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் பாஸ். இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை வந்துபோகலாம் என்ற சலுகையை மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் கொடுத்தது. அது சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு, அதில் வந்து வேலை செய்யக் கூடாது. ‘முதல்ல வந்து சேருங்க, இங்க வந்ததும் பாஸ் மாத்திக்கலாம்' என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிப்பது உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம், நீங்கள் அல்ல. குடிநுழைவுத் துறையின் ஈஎஸ்டி என்ற பிரிவு அதைப் பார்க்கிறது. ஒப்புதல் கடிதம் வந்ததும் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த வழியில் நாட்டுக்குள் நுழைய வேண்டும், பாஸ் எப்போது கைக்கு வரும், எந்தத் தேதியில் வேலையைத் தொடங்கலாம் என்ற மூன்றையும் நிறுவனத்தின் ஹெச்ஆர் ஆளிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் சொன்ன பதில் பிறகு உதவாது.

அடுத்தது நம் ஆட்களுக்கே உரிய தலைவலி, பெயர். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. சிலருக்கு அப்பா பெயர் அதில் உட்கார்ந்திருக்கும், பட்டத்தில் இன்ஷியல் மட்டும் இருக்கும். மலேசியத் தமிழர்களின் அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே ‘ஏ/எல்' அல்லது ‘ஏ/பி' என்று வரும், மகன், மகள் என்று பொருள். இங்குள்ள கவுண்டர்களுக்குப் பழகியது அந்த வடிவம்தான். உங்கள் பெயரைப் பார்த்ததும் ஒருவர் முன்னால் இருப்பதைப் பின்னால் போடுவார், இன்னொருவர் காலிக் கட்டத்துக்கு ஒரு புள்ளி வைப்பார். பாஸ், வங்கிக் கணக்கு, வரி எண், வாடகை ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அதே வரிசையில், அதே எழுத்துகளில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளையும் வாங்கின இடத்திலேயே பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைக்காதீர்கள்.

குடும்பம் பின்னால் வருவதாக இருந்தாலும் திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டும் இப்போதே தயாராக இருக்கட்டும். மனைவி அல்லது கணவருக்கும் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் டிபென்டன்ட் பாஸ் கேட்கும்போது அவை வேண்டும். எந்த அளவுக்கு அட்டெஸ்டேஷன் வேண்டும் என்று நிறுவனத்தைக் கேட்டு அதை ஊரிலேயே முடித்துவிடுங்கள். இங்கே வந்த பிறகு அந்த முத்திரைக்காக அப்பாவை அலுவலகம் அலுவலகமாக அலைய விடுவது பாவம்.

இந்திய செல்பேசி எண்ணை விட்டுவிடாதீர்கள். உங்கள் இந்திய வங்கி, வருமான வரித் தளம், ஆதார், எல்லாமே ஓடிபியை அந்த எண்ணுக்குத்தான் அனுப்பும். கிளம்புவதற்கு முன் சர்வதேச ரோமிங்கைத் திறந்து வைத்து, குறைந்தபட்ச ரீசார்ஜை விடாமல் போட்டுவாருங்கள். அப்படியே இன்னொன்று: வெளிநாட்டு வேலைக்குப் போய் என்ஆர்ஐ ஆனதும் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது, அதை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். இங்கே சம்பாதித்ததை அனுப்பி வைக்க என்ஆர்ஈ கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளலாம். பலர் வருடக் கணக்கில் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

பெட்டியில் என்ன? மிக்ஸி கொண்டு வரலாம், மின்சாரம் நம் ஊர் அளவுதான். சாக்கெட் மட்டும் தட்டையான மூன்று கால் பிளக்குக்கானது, ஒரு அடாப்டரோ புது பிளக்கோ போதும். குக்கர் காஸ்கெட் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். பருப்பு, புளி, சாம்பார்ப்பொடி, பொன்னி அரிசி எல்லாம் இங்கே கிடைக்கிறது, அதற்காகக் கிலோவுக்குக் காசு கட்டாதீர்கள். செடி, விதை, பச்சைக் கறிவேப்பிலை எல்லாம் வேண்டாம், தாவரப் பொருள்களுக்குத் தனிச் சோதனை உண்டு. கார் ஓட்டும் எண்ணம் இருந்தால் ஊர் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கிக்கொண்டு வாருங்கள். இங்கும் சாலையின் இடப்பக்கம்தான், அதனால் பழகுவது சுலபம்.

முதல் வாரம்

விமான நிலையம் ஊரிலிருந்து தூரம், செப்பாங்கில் இருக்கிறது. தனி ஆளாக ஒரு பெட்டியோடு வந்தால் கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரல். குடும்பம், நாலு பெட்டி என்றால் செயலியில் கூப்பிடும் கிராப் வண்டிதான் கணக்குக்குச் சரி. காசு குறைவாகப் போக பேருந்தும் உண்டு.

வந்ததும் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்குங்கள். ஹாட்லிங்க், செல்காம்டிஜி, யூ மொபைல் எதுவானாலும் நகருக்குள் ஓடும். முக்கியம், அந்த எண்ணை அடிக்கடி மாற்றாதீர்கள். இங்கே வங்கியும் வாலட்டும் உங்கள் எண்ணோடும் போனோடும் கட்டிப்போட்ட மாதிரி இணைந்துவிடும், எண் மாறினால் கிளைக்கு நடக்க வேண்டியிருக்கும்.

பிறகு ஒரு டச் அண்ட் கோ அட்டை. ரயில், பேருந்து, சுங்கச் சாலை, பார்க்கிங், எல்லாவற்றுக்கும் அதே அட்டை. அதே பெயரில் ஒரு இ-வாலட்டும் இருக்கிறது, பாஸ்போர்ட் கொண்டு பதிவு செய்யலாம். டியூட்நவ் கியூஆர் பலகை இரவுச்சந்தையில் பலகாரம் விற்கிற அம்மா முன்னாலும் நிற்கும், ஜிபே பழகியவர்களுக்கு இது ஒரு நாள் வேலை. ‘மை50' என்று 50 வெள்ளிக்கு மாதம் முழுக்கப் பயணம் செய்கிற பாஸைப் பற்றி அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள், ஆசைப்படாதீர்கள், அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். (ரிங்கிட்டை இங்கே தமிழில் வெள்ளி என்பார்கள், இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.)

வங்கிக் கணக்குக்குப் பாஸ்போர்ட், பாஸ், நிறுவனத்தின் கடிதம் மூன்றும் வேண்டும். எந்த வங்கி என்பதை விட எந்தக் கிளை என்பதுதான் கேள்வி. உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கிளையில், உங்களைப் போன்ற ஊழியர்களைப் பார்த்துப் பழகிய இடத்தில் திறந்தால் ஒரு நாளில் முடியும். நிறுவனம் எந்தக் கிளைக்கு அனுப்புகிறது என்று கேட்டு அங்கேயே போங்கள்.

வீடு

இதில்தான் பணம் அதிகம் போகும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியாவில் இருந்துகொண்டே வாடகை வீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். படம் அழகாக இருக்கும், ‘வேற ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு, புக்கிங் மட்டும் போட்டுடுங்க' என்று வாட்ஸாப்பில் அவசரப்படுத்துவார்கள், பணம் போன பிறகு அந்த எண் எடுக்காது. முதல் சில வாரத்துக்கு அறையோ சர்வீஸ் அபார்ட்மென்டோ எடுத்துக்கொண்டு வீட்டை நேரில் பாருங்கள்.

எந்தப் பகுதி? அலுவலகம் எந்த ரயில் தடத்தில் இருக்கிறதோ அந்தத் தடத்தில். கேஎல் போக்குவரத்து நெரிசலில் மாலை ஆறு மணிக்கு மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பங்சார் சவுத் பக்கம் வேலை என்றால் கெலானா ஜெயா எல்ஆர்டி தடம், சைபர்ஜெயா என்றால் புத்ராஜெயா எம்ஆர்டி தடம். கோயில், தமிழ்க் கடை, டிபன் எல்லாம் காலடியில் வேண்டும் என்றால் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல். கொஞ்சம் தள்ளிப் போகத் தயார் என்றால் பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, பூச்சோங். கிள்ளானிலும் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் தினமும் நகருக்குள் வந்துபோவது களைப்பு.

விளம்பரத்தில் ‘நிலையத்திலிருந்து 700 மீட்டர்' என்று இருக்கும். வரைபடத்தில் அது உண்மை. நடந்து பார்த்தால் நடுவில் ஒரு எட்டு வழிச் சாலை, அதைக் கடக்கப் பாலம் எங்கோ, பாலத்துக்குப் போக நடைபாதை கிடையாது. அதனால் வீடு பார்க்கப் போகும்போது காரில் போகாமல் ரயிலில் இறங்கி நடந்து போங்கள், முடிந்தால் மாலை நாலு மணிக்கு மேல். அந்த நேரத்தில் இடியோடு ஒரு மழை கொட்டினால் இன்னும் நல்லது, நனையாமல் வீடு சேர முடியுமா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். சில வீட்டுக்காரர்கள் இந்தியர்களுக்கு வீடு தர மாட்டார்கள், மலேசிய இந்தியர்களுக்கே அந்த அனுபவம் உண்டு. விளம்பரத்திலேயே எழுதியிருப்பார்கள், இல்லையென்றால் ஏஜென்ட் நெளிவார். கோபம் வரும், நியாயம்தான். ஆனால் வேலை ஆக வேண்டுமே. ஏஜென்டுக்கு அனுப்பும் முதல் செய்தியிலேயே எந்த நாடு, எந்த பாஸ், எத்தனை பேர், எங்கே வேலை, எப்போது குடிவருவது என்று எழுதிவிடுங்கள். வேண்டாம் என்கிறவர் அங்கேயே விலகிவிடுவார், உங்கள் சனிக்கிழமை மிஞ்சும். ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள், முறையாகப் பதிவு செய்தவர் தயங்காமல் காட்டுவார். ஏஜென்டின் கமிஷனை வழக்கமாக வீட்டுக்காரர்தான் தருவார்.

முன்பணம்: இரண்டு மாத வாடகை செக்யூரிட்டி டெபாசிட், அரை மாதம் தண்ணீர் மின்சார டெபாசிட், ஒரு மாத வாடகை முன்கூட்டியே. 2,000 வெள்ளி வாடகை என்றால் சாவி கைக்கு வருமுன் 7,000 வெள்ளி வேண்டும், அதற்கு மேல் ஒப்பந்தத்துக்கான ஸ்டாம்பிங் செலவு, அக்சஸ் கார்டு டெபாசிட். சென்னை மாதிரி பத்து மாத அட்வான்ஸ் இல்லை என்று சந்தோஷப்படலாம். முதல் சம்பளம் வருவதற்கு முன் இந்தத் தொகை எங்கிருந்து வரும் என்பதை மட்டும் ஊரிலேயே யோசித்துவிடுங்கள், சில நிறுவனங்கள் கேட்டால் முன்பணம் தரும்.

ஒப்பந்தத்தை உட்கார்ந்து முழுதும் படியுங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் அதில் எழுதியிருப்பதுதான் பேசும். முதலில் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே வெளியேற அது வழி விடும், பொதுவாக 12 மாதம் முடிந்த பிறகு இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து. பாஸை நம்பி வாழ்கிறவர்களுக்கு இது இல்லாத ஒப்பந்தம் ஆபத்து, கையெழுத்துப் போடாதீர்கள். ஏசி சர்வீஸ் யார் செலவு, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை? பழுது எத்தனை வெள்ளி வரை உங்கள் கணக்கு, அதற்கு மேல் யார்? ஸ்டாம்பிங் ஆன பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சாவி வாங்கும் நாளில் அவசரமில்லாமல் போங்கள். ஒவ்வொரு அறை ஏசியையும் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். வாட்டர் ஹீட்டரைப் போடுங்கள், ஃபிளஷ் பண்ணுங்கள், சிங்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அலமாரிக் கதவைத் திறந்து அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், ஈரம் இருந்தால் கையில் படும். மெத்தையைத் தூக்கிப் பாருங்கள், சோபாவின் பின்பக்கம், வாஷிங் மெஷின் ரப்பருக்குள், ஜன்னல் ஓரம் கறுப்பாகப் பூஞ்சை. இந்த ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை சாதாரணம், அது நீங்கள் வருமுன்பே இருந்தது என்று காட்டப் படம் வேண்டும். மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களையும் படம் எடுங்கள். எல்லாவற்றையும் அன்றைக்கே ஏஜென்டுக்கும் வீட்டுக்காரருக்கும் அனுப்பி ‘இன்று இந்த நிலையில் வாங்கிக்கொண்டேன்' என்று ஒரு வரி எழுதுங்கள். டெபாசிட் சண்டையில் ஜெயிக்கிறவர் இந்தப் படங்கள் வைத்திருப்பவர்தான்.

மின்சாரம் டிஎன்பி, தண்ணீர் ஏர் சிலாங்கூர், கழிவுநீர் இண்டா வாட்டர். கணக்குகள் பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரிலேயே ஓடும், பில்லை அவர் அனுப்ப நீங்கள் கட்டுவீர்கள். முந்தைய குடித்தனக்காரர் பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா என்று குடிவருமுன் கேளுங்கள். தண்ணீர் வெட்டு அவ்வப்போது வரும், ஏர் சிலாங்கூர் செயலியை வைத்திருந்தால் முன்னறிவிப்பு கிடைக்கும். சென்னைக்காரர்களுக்குக் குடம் நிரப்புவதைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. வீட்டு இணைய இணைப்புக்கு 24 மாத ஒப்பந்தம் கேட்பார்கள், உங்கள் வாடகை ஒப்பந்தம் 12 மாதம் என்றால் யோசித்துக் கையெழுத்திடுங்கள்.

வரி

ஜனவரி முதல் டிசம்பர் வரை இங்கே வரி ஆண்டு, ஏப்ரல் மார்ச் அல்ல. எல்எச்டிஎன் என்பது வரி வாரியம். ஒரு ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ மலேசியாவில் இருந்தால் நீங்கள் வரிக் கணக்குக்கு வாசி (ரெசிடென்ட்), சம்பளத்துக்கேற்ற படிநிலை விகிதம். குறைந்தால் வாசியல்லாதவர், தட்டையாக 30 விழுக்காடு, எந்தக் கழிவும் கிடையாது. ஆகஸ்டிலோ அக்டோபரிலோ வந்து சேர்கிறவர்களுக்கு முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் மயக்கம் வருவது இதனால்தான்.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. வந்த ஆண்டில் 182 நாள் இல்லாவிட்டாலும், அந்த நாள்கள் அடுத்த ஆண்டில் தொடர்ச்சியாக 182 நாளோ அதற்கு மேலோ தங்குவதோடு இடைவெளியில்லாமல் சேர்ந்தால் வந்த ஆண்டுக்கும் வாசியாகக் கணக்கிடுவார்கள். நடுவில் ஊருக்குப் போய் வருவதற்கு 14 நாள் வரை விட்டுக்கொடுப்பார்கள். ஆகவே ஆண்டு முடிவில் வருகிறவர்கள் டிசம்பர் ஜனவரியில் ஒரு மாதம் ஊரில் போய் உட்காருமுன் நாள்களை எண்ணிப் பாருங்கள், நீண்ட பொங்கல் விடுமுறை ஒன்று ஆயிரக்கணக்கான வெள்ளியைத் தின்றுவிடும். நாட்டுக்குள் வந்த, வெளியே போன தேதிகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள், போர்டிங் பாஸையும் படம் எடுத்து வையுங்கள். மாதா மாதம் சம்பளத்தில் வரி பிடித்திருந்தாலும் ஆண்டுக் கணக்கை நீங்கள்தான் தாக்கல் செய்ய வேண்டும், கூடுதலாகப் பிடித்தது அப்போதுதான் திரும்பி வரும்.

2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இபிஎஃப் கட்டாயம், உங்களிடமிருந்து 2 விழுக்காடு, நிறுவனத்திடமிருந்து 2 விழுக்காடு. சம்பளச் சீட்டில் அது வருகிறதா என்று பாருங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்

நிறுவனம் கொடுக்கும் மெடிக்கல் கார்டையும் பேனல் கிளினிக் (நிறுவனத்தோடு ஏற்பாடு உள்ள கிளினிக்) பட்டியலையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் சளிக்கு நேராகப் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டாம், தெருவுக்குத் தெரு கிளினிக் இருக்கிறது. டாக்டர் பார்த்ததும் மாத்திரையும் அங்கேயே தருவார்கள், சின்ன பிளாஸ்டிக் பையில் உங்கள் பெயர், எத்தனை வேளை என்று எழுதி. அலுவலகத்துக்கு விடுப்பு வேண்டுமானால் ‘எம்சி' (மருத்துவச் சான்றிதழ்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் உடம்பு சரியில்லை என்பதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு, முன்பணமும் கேட்பார்கள்.

டெங்கி இங்கே வருடம் முழுவதும் உண்டு. காய்ச்சல் இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால் இரத்தப் பரிசோதனை பண்ணுங்கள். அதுவரை பாரசிட்டமால் மட்டும், புருஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். சில ஆண்டுகளில் ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் புகைமூட்டம் வரும், ஆஸ்துமா இருந்தால் மருந்தைக் கையிருப்பில் வையுங்கள். அவசரத்துக்கு 999.

சாப்பாடு

இதில் குறை சொல்ல முடியாது. ஒன்றே ஒன்று, சைவக்காரர்கள் கவனிக்க வேண்டும். கீரை என்று நினைத்து வாங்கினால் அதில் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கும், நாசி லெமாக் சம்பலில் நெத்திலி கிடக்கும், ரொட்டிக்கு ஊற்றும் குழம்பு மீன் குழம்பாக இருக்கலாம். ‘பருப்புக் குழம்பு மட்டும்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். சீனர் சைவ உணவகங்கள் நிறைய உண்டு, புத்த வழக்கப்படி சமைப்பவை, பல இடங்களில் பூண்டு வெங்காயம்கூட இருக்காது.

மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) தே தாரிக் என்ற டீ கேட்டால் கெட்டிப்பால் போட்டு, நாக்கு ஒட்டுகிற இனிப்போடு வரும். இனிப்பைக் குறைக்க ‘கூராங் மானிஸ்'. பாலில்லாமல் ‘தே ஓ', சர்க்கரையும் வேண்டாம் என்றால் ‘தே ஓ கோசோங்'. பார்சலுக்கு ‘புங்குஸ்', சீனர் கடையில் ‘தாப்பாவ்'. கூப்பிட முதலாளி என்ற பொருளில் ‘பாஸ்' போதும், எல்லோரும் இங்கே பாஸ்தான். மலாய்க்கார அண்ணனை ‘அபாங்', அக்காவை ‘காக்', அலுவலகக் கவுண்டரில் ‘என்சிக்', ‘புவான்'. இவ்வளவு மலாயைக் கற்றுக்கொண்டு போய் ‘தெரிமா காசே' என்று நன்றியும் சொன்னால் கவுண்டரில் இருப்பவரின் முகமே மாறும்.

மனிதர்கள்

மலேசியத் தமிழர்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘நீங்க இந்தியாவுல எந்த ஊர்?' என்று கேட்காதீர்கள். அவருக்கு ஊர் ஈப்போவாக இருக்கும், சுங்கை சிப்புட்டாக இருக்கும், தாத்தாவோ அவருக்கு முந்தியவரோ ரப்பர் தோட்டத்துக்கு வந்தவராக இருப்பார். அவர் மலேசியர். ‘உங்க தமிழ் வித்தியாசமா இருக்கே' என்று சிரிக்காதீர்கள், 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை நடத்திக்கொண்டு, வானொலி, பத்திரிகை, கோயில் என்று பல தலைமுறையாகத் தமிழைக் கட்டிக்காத்தவர்கள் அவர்கள். ‘பசியாறிட்டீங்களா?' என்று காலையில் கேட்டால் ஆயிற்று என்று சொல்லுங்கள், போதும். காரில் போகும்போது மின்னல் எஃப்.எம். போட்டு வையுங்கள், ஊர் நடப்பும் பேச்சு வழக்கும் தானாக வந்துவிடும். அப்புறம், ‘எங்க ஊர்ல இதெல்லாம்...' என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை முதல் ஆறு மாதத்துக்கு ஒத்திவையுங்கள்.

இனம், மதம், அரச குடும்பம் இந்த மூன்றைப் பற்றியும் சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள், பகிராதீர்கள், அலுவலக வாட்ஸாப் குழுவில் ஜோக்காகக்கூட வேண்டாம். இதில் வழக்கு வரும், வெளிநாட்டவர் என்றால் பாஸும் போகும். நோன்பு மாதத்தில் சக ஊழியர் பட்டினியாக இருக்கும்போது பக்கத்து மேசையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் பேன்ட்ரிக்குப் போவது மரியாதை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக அலுவலகங்கள் நீண்ட இடைவேளை விடும், அந்த நேரத்தில் அரசு அலுவலகத்துக்குப் போய் நிற்காதீர்கள்.

தீபாவளிக்கு விடுமுறை, தைப்பூசத்துக்கும் கோலாலம்பூரில் விடுமுறை. பொங்கலுக்குக் கிடையாது. தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போவதாக இருந்தால் கேடிஎம் கொமுட்டர் ரயிலில் போங்கள், காரை எடுத்தால் நிறுத்த இடம் கிடைக்காது. கூட்டம் பிடிக்காதவர்கள் வேறொரு நாள் விடிகாலையில் போய் 272 படி ஏறிவிட்டு வரலாம்.

போலீஸ், நீதிமன்றம், எல்எச்டிஎன் என்று சொல்லிப் போன் வந்து, உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, பணத்தை ‘பாதுகாப்பான' கணக்குக்கு மாற்றுங்கள் என்றால் துண்டித்துவிடுங்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பாஸ் பயம் இருக்கும் என்று தெரிந்தேதான் மிரட்டுகிறார்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே 997.

வேலை மாறும்போது, கிளம்பும்போது

பாஸ் உங்களுடையது என்று நினைக்காதீர்கள், அந்த வேலையுடையது. நிறுவனம் மாறினால் பழைய பாஸை ரத்து செய்து புதியது வாங்க வேண்டும். புது நிறுவனத்தின் ஒப்புதல் கைக்கு வருமுன் ராஜினாமா கடிதம் கொடுப்பது இங்கே ரொம்பத் தைரியமான காரியம். பாஸ் முடியும் தேதியைப் போனில் மூன்று மாதம் முன்பே நினைவூட்டலாக வைத்துவிடுங்கள், ஹெச்ஆர் பார்த்துக்கொள்வார் என்று இருக்காதீர்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அது குற்றம். இன்னொன்று, ‘பத்திரமா இருக்கும்' என்று பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது இந்த நாட்டுச் சட்டப்படி தவறு. பாஸுக்காகக் கொடுத்தால் எப்போது திரும்பி வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் புகார், அப்புறம் மோன்ட் கியாராவில் இந்தியத் தூதரகம்.

நாட்டை விட்டுக் கிளம்பும்போது நிறுவனம் குறைந்தது 30 நாள் முன்பே எல்எச்டிஎன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும். அதனால் கடைசி மாதச் செலவுக்கும் டிக்கெட்டுக்கும் வேறு பணம் கையில் இருக்கட்டும். இபிஎஃப் பணத்தையும் நாட்டை விட்டுப் போகிறேன் என்ற காரணத்தில் எடுத்துக்கொள்ளலாம். டெபாசிட் திரும்ப வராது என்ற பயத்தில் கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் விடுவது பலர் செய்வது, ஆனால் அது ஒப்பந்தத்தை மீறுவது. அதற்குப் பதிலாக நோட்டீஸை எழுத்தில் கொடுத்து, ஏசி சர்வீஸ் ரசீதையும் சுத்தம் செய்த ரசீதையும் வைத்துக்கொண்டு, குடிவந்த நாளின் படங்களோடு வீட்டுக்காரரையோ ஏஜென்டையோ நேரில் கூப்பிட்டு ஒவ்வொரு அறையாகக் காட்டுங்கள். வாடகை டெபாசிட், கூடுதலாகப் பிடித்த வரி எல்லாம் நீங்கள் ஊருக்குப் போன பிறகும் இங்குள்ள கணக்குக்குத்தான் வரும், ஆகவே அந்த வங்கிக் கணக்கையும் மலேசிய எண்ணையும் கடைசியாக மூடுங்கள்.